குவாங்சோ துணிச்சந்தையில் கேட்ட கேள்வி

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் என் மனைவி தவமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். குளிரூட்டிய கட்டடத்திலிருந்து வெளியே வந்ததில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது.

"கொழும்பு மாதிரி வேர்க்குது. இந்தச் சுவெட்டர் நாலையும் நான் இனி என்ன செய்யிறது?" என்றாள்.

சீனா என்றால் குளிர் என்று சொல்லி அவற்றை எடுத்துவைக்கச் செய்தவன் நான். தெற்குச் சீனா என்பதை யோசிக்கவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஐந்து நாள் பயணம். தவமணி சிட்னியில், வென்ட்வேர்த்வில் வீட்டில், இருபத்தெட்டு வருடங்களாகச் சேலைச் சட்டை தைக்கிறாள். காருக்கென்று கட்டிய கராஜில் ஒருநாளும் கார் நின்றதில்லை. இரண்டு தையல் இயந்திரங்களும் ஒரு நீள மேசையும் நிற்கின்றன. அவள் வாங்கும் லைனிங் துணிச் சுருள்களின் உறையில் எப்போதும் குவாங்சோ என்று இந்த ஊரின் பெயர் அச்சடித்திருக்கும். முழங்கால் முற்றாக மக்கர் பண்ணுவதற்கு முன் அந்தச் சந்தையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றாள். மகன் ஒழுங்குசெய்து தந்தான். அவளுடைய கைபேசி புதியது என்பதால் மொழிபெயர்க்கும் செயலியையும் இணைய வசதியையும் அதிலேயே போட்டுவிட்டான். என் கைபேசி பழையது. அங்கே அது மணி பார்க்கத்தான் உதவியது.

வாடகைக் கார்க்காரர் எங்களை விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் எங்கள் பெயரைத் தேடினாள், இல்லை என்று தலையாட்டினாள். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். பிறகு மெதுவாக விளக்கினேன். பிறகு சத்தமாக. அவள் சிரித்த முகம் மாறாமல் நின்றாள்.

"கொஞ்சம் விலகுங்கோ பாப்பம்," என்று தவமணி கைபேசியை நீட்டினாள். "எங்கடை ரக்சிக்காரன் பிழையான இடத்திலை இறக்கிப்போட்டான்" என்று சொல்ல, அந்தச் செயலி திணறியது. அவள் ஒருகணம் யோசித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவர் போல, "எங்கள் வாகன ஓட்டுநர் எங்களைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்" என்றாள். உடனே சீனத்தில் ஒலித்தது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அவள் சொன்னதைக் கைபேசி தமிழில் சொன்னது: "தங்கள் விடுதியின் பெயரும் இதுவே. ஆனால் அது ஆற்றின் மறுகரையில் உள்ளது."

"இதுக்குள்ளை ஒரு தமிழ் வாத்தியார் இருக்கிறார்," என்றாள் தவமணி. "அவருக்கு மரியாதையாக் கதைச்சால்தான் விளங்கும்."

நாற்பத்தைந்து வருட மணவாழ்வில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சிட்னியில் கதைப்பது என் வேலை. வங்கியில், மருத்துவரிடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், நகரசபையில், எங்கும் அவள் எனக்கு ஓரடி பின்னால் நிற்பாள். நான் கதைத்துவிட்டுத் திரும்பி அவளுக்குச் சொல்வேன். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கடைக்கும் பேருந்துக்கும் போதும். அதற்கு மேல் இல்லை. அன்று நான் ஓரடி பின்னால் நின்றேன்.

மறுநாள் காலை விடுதிக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க் கடைக்குப் போனோம். தேநீர்க் கடை என்றாலும் மூன்று மாடி. ஏழரை மணிக்கே எங்கள் வயதுக்காரர்களால் நிறைந்திருந்தது. சிட்னியில் ஞாயிறுகளில் சீன உணவகங்களுக்குப் போய்ப் பழக்கம் என்பதால் எல்லாம் தெரிந்த தோரணையில் உட்கார்ந்தேன். தேநீர்ச் சாடியும் ஒரு பெரிய வெறும் கோப்பையும் வந்தன. நான் கிண்ணத்தில் தேநீரை ஊற்றிக் குடித்தேன். பக்கத்து மேசைக் கிழவர் தன் மனைவியின் தோளைத் தட்டி என்னைக் காட்டினார்.

"குடியாதேங்கோ, அங்கை பாருங்கோ," என்றாள் தவமணி. எல்லா மேசைகளிலும் முதல் தேநீரை ஊற்றிக் கிண்ணம், கரண்டி, குச்சி எல்லாவற்றையும் கழுவி, அந்தத் தண்ணீரைப் பெரிய கோப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவன் தானே பாத்திரம் கழுவுவது எங்கள் ஊரில் கடைக்காரனை அவமதிப்பது. இங்கே கடைக்காரரே அதற்குக் கோப்பை வைத்திருக்கிறார். தவமணி இரண்டு பேருடையதையும் கழுவினாள். பக்கத்து மேசைக் கிழவி கையைத் தட்டினாள்.

அரிசிமாவில் மெல்லிய தாள்போல் அவித்துச் சுருட்டிய ஒன்று வந்தது. உள்ளே இறால் இருந்தது. "இடியப்ப மாவைக் குழைக்கத் தெரியாதவன் செய்தது. ஆனா நல்லாயிருக்கு," என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். கேட்காமலே சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். சிட்னியில் ஐஸ் போடாத தண்ணீருக்கு நான் ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போவேன்.

துணிச்சந்தை ஒரு கட்டடமல்ல, ஒரு ஊர். துணிச் சுருள்களை ஆளுயரத்துக்கு அடுக்கிய மூன்று சக்கர மின்வண்டிகள் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வரும். ஒதுங்காவிட்டால் ஓட்டுபவர் திட்டுவார். ஒரு மாடி முழுக்கப் பொத்தான். ஒரு மாடி முழுக்க லேஸ். கொளுக்கி மட்டும் விற்கும் கடைகள் ஒரு தெருநீளம் இருந்தன. தவமணி முழங்காலை மறந்துவிட்டாள். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

லைனிங் துணி விற்கும் ஒரு கடையில் நின்றாள். கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் லின் என்று பிறகு தெரிந்தது. நூறு வீதம் பருத்தி என்று கைபேசியின் வாத்தியார் மூலம் சொன்னாள். தவமணி துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, "தீக்குச்சி தரமுடியுமா?" என்று கேட்டாள். லின் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லைட்டரை எடுத்து நீட்டினாள். பருத்தியானால் தாள் எரிந்த மணம் வந்து சாம்பல் உதிரும். பொலியெஸ்டர் கலந்திருந்தால் நுனி உருகி உருண்டு கட்டியாகும். நூல் எரிந்தது. தவமணி நுனியை விரலால் நசுக்கி, அதில் நின்ற கறுப்புக் குருணியை லின்னுக்குக் காட்டினாள்.

லின் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே போய் வேறொரு சுருளைக் கொண்டுவந்தாள். இம்முறை சாம்பல் உதிர்ந்தது. எங்களுக்கு முக்காலி போட்டாள், தேநீர் ஊற்றினாள், எந்த நாடு, எத்தனை வருடமாக என்று விசாரித்தாள். "தாங்கள் தொழில் தெரிந்தவர்," என்றது கைபேசி. ஆறு நிறங்களில் துணி தெரிந்தெடுத்தார்கள். வெட்டி, சுருட்டி, பொதி கட்டி ஐந்தாம் நாள் தருவதாக ஏற்பாடு.

மேசையில், கணிப்பானுக்குப் பக்கத்தில், ஆங்கிலம் படிக்கும் புத்தகம் ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள், அதனால் படிக்கிறேன் என்றாள் லின். பிறகு புத்தகத்தைத் தவமணி பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தாள். கைபேசி சொன்னது: "தாங்கள் ஆஸ்திரேலியாவில் முப்பத்துமூன்று ஆண்டுகளாக வாழ்கிறீர்கள். இதை எப்படி உச்சரிப்பது என்று சொல்லித் தாருங்கள்."

"எனக்கு ஆங்கிலம் தெரியாது," என்றாள் தவமணி.

"ஏன் கற்கவில்லை?"

கேட்ட விதத்தில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். தவமணியும் அப்படியே பதில் சொன்னாள்: "போன புதிதில் கேட்டேன். அரசாங்கக் கந்தோரில் எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்."

கந்தோர் என்ற சொல் வாத்தியாருக்கு விளங்கவில்லை. அலுவலகம் என்று திருத்திச் சொன்னாள். லின் நெற்றியைச் சுருக்கினாள். நீளமாகப் பேசினாள். கைபேசி நிதானமாகத் தமிழாக்கியது: "என் அக்கா ஐம்பத்தெட்டு வயதில் சிட்னிக்குக் குடியேறினார். அங்கே புதிதாக வருபவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக ஆங்கிலம் கற்பிக்கிறது. அவருடைய வகுப்பில் முப்பது வருடங்களுக்கு முன் படித்தவர்களின் புகைப்படம் சுவரில் இருந்ததாம். தங்களுக்கு ஏன் மறுத்தார்கள்?"

தவமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது விளங்காவிட்டால் என்னைப் பார்ப்பது அவள் வழக்கம். நான் விளக்குவேன் என்று காத்திருந்தாள்.

"அந்த நேரம் சட்டம் வேறை," என்றேன். "பிறகுதான் மாத்தினவங்கள்."

அவள் அதை லின்னுக்குச் சொன்னாள். லின் தலையாட்டினாள்.

நான் சொன்னது பொய். முதற்பொய்யை மூடுவதற்குச் சொன்ன இரண்டாவது பொய்.

நாங்கள் சிட்னிக்குப் போன மூன்றாம் மாதம், குடியேறியவர்களுக்கு உதவும் ஒரு கந்தோருக்குத் தவமணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் போகும் வழியெல்லாம் ஆங்கில வகுப்பைப் பற்றிக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். இடம் இருக்கிறது, இலவசம், சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு என்றார். நான் அவரிடம் அவளுக்கு விருப்பமில்லை என்றேன். அவளிடம் அவர்கள் இடமில்லை என்கிறார்கள் என்றேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் நம்பினார்கள்.

காரணம் கேட்டால் பல சொல்லலாம். அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்கினேன். பிள்ளைகளுக்கு ஏழும் நாலும் வயது. யாராவது வீட்டில் நிற்கவேண்டும். அந்த வகுப்பில் நம்மவர்களும் இருப்பார்கள், எஞ்சினியரின் பெண்சாதி அரிச்சுவடி படிக்கிறாள் என்று கோயிலில் கதைப்பார்கள் என்ற வெட்கமும் இருந்தது. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய காரணம் வேறு. என் எஞ்சினியர் படிப்பை அந்த நாடு அப்போது ஏற்றுக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் என்னைப் பெட்டி தூக்கச் சொன்னார்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதுதான் எனக்கு மிஞ்சியிருந்த உத்தியோகம். அதையும் பங்குபோட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடத்தில் எனக்கு நல்ல வேலை கிடைத்தது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஊர் பார்த்தோம். பழைய குலக்கோயில் ஒன்றின் கூரை விளிம்பு முழுக்கச் சிறு சிறு மண்பொம்மைகள். நம்மூர்க் கோபுரத்தைப் படுக்கவைத்தது போல. தவமணி வழக்கத்தைவிடக் குறைவாகக் கதைத்தாள். அங்கிருந்து மெட்ரோவில் நகரத்தின் உயரமான தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பார்க்கப் புறப்பட்டோம்.

இடையில் வண்டி மாறவேண்டியிருந்தது. மேடையில் கூட்டம். கதவு திறந்தது, தவமணி உள்ளே ஏறினாள், எனக்கு முன்னால் நான்கு பேர் புகுந்தார்கள், கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள் அவள் விரலால் ஏதோ காட்டினாள். வண்டி போய்விட்டது.

ஐயோ, அவளுக்கு ஒன்றும் தெரியாதே என்பதுதான் என் முதல் நினைப்பு. சீருடைக்காரர் ஒருவரிடம் ஓடினேன். ஆங்கிலத்தில் சொன்னேன். கையால் காட்டினேன். அவர் தன் கைபேசியில் பேசிவிட்டு என் முன் நீட்டினார்; திரையில் சீன எழுத்து. என்னிடம் தமிழ் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, கொஞ்சம் சிங்களமும் இருந்தது. ஒன்றும் உதவவில்லை. ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். தொலைந்துபோன பிள்ளையிடம் பேசுவார்களே, அந்த மாதிரி என்னிடம் மிக மெதுவாகப் பேசினாள். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் நானாகவே அடுத்த வண்டியில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினேன். தவமணி அங்கே வாங்கில் ஒரு கிழவியோடு உட்கார்ந்து தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் கைபேசி.

"அடுத்த ஸ்ரேசனிலை நிப்பன் எண்டு விரலாலை காட்டினனானே," என்றாள். "ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு? இந்த அம்மா கேக்கிறா, உங்கடை மனுசன் வாய் பேசாதவரோ எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"வீட்டிலை நல்லாக் கதைப்பார் எண்டு சொன்னனான்."

கிழவி எனக்கும் ஒரு சுளை தந்தாள். கோபுரத்துக்குப் போனோம். உச்சியிலிருந்து பார்த்தால் ஆறு வளைந்து போவது தெரியும் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

நான்காம் நாள் ஷாமியன் தீவுக்குப் போனோம். தீவு என்றாலும் ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். பழைய ஐரோப்பியக் கட்டடங்கள், பெரிய ஆலமரங்கள். கலியாணம் செய்யப்போகும் சோடிகள் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் வெள்ளைக் கவுணைப் பார்த்து, "பின்னாலை பத்து ஊசி குத்தி இறுக்கியிருக்கு. வாடகைச் சட்டை," என்றாள் தவமணி. வாங்கில் உட்கார்ந்தோம்.

"அந்தச் சட்டம் எந்த வருசம் மாத்தினவங்கள்?" என்று கேட்டாள்.

கேட்டதில் சந்தேகம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒரு வருடத்தைச் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள்.

"சட்டம் மாறேல்லை," என்றேன். "இடம் இருந்தது. நான்தான் இல்லையெண்டு சொன்னனான்."

முழுவதையும் சொன்னேன். மேலே எழுதிய அதே ஒழுங்கில், ஒன்றையும் விடாமல். அவள் மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அந்த மனுசன் என்ன கேட்டவர்? அப்படியே சொல்லுங்கோ," என்றாள்.

"காலமை வகுப்போ, பின்னேர வகுப்போ, எது வசதி எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உமக்கு விருப்பமில்லையாம் எண்டு."

"இங்கிலீஷிலை சொல்லுங்கோ. நீங்கள் சொன்ன மாதிரியே."

சொன்னேன். ஷி இஸ் நொட் இன்ரறெஸ்ரட். அவள் அதைத் தன் வாயால் இரண்டு முறை, சொல் சொல்லாக, சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப அங்கை ஏதோ ஒரு பேப்பரிலை நான் வேண்டாமெண்டு சொன்னதா எழுதிக் கிடக்கும்."

"ஓம். கிடக்கும்."

"பிள்ளையள் ரெண்டும் வளர்ந்து இங்கிலீஷிலை சண்டை பிடிக்கேக்கை என்ன சண்டையெண்டு உங்களிட்டைத்தான் கேட்டனான். நீங்கள் சும்மா விளையாட்டெண்டு சொல்லுவியள். அதெல்லாம் விளையாட்டுத்தானோ?"

"எல்லாம் இல்லை," என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு, அப்படி எதிர்பார்ப்பதும் என் வசதிக்காகத்தான் என்று தோன்றியது. எழுந்து பாலத்தை நோக்கி நடந்தாள். முழங்கால் வலியால் அவள் மெதுவாகத்தான் நடப்பாள். நானும் மெதுவாகப் பின்னால் நடந்தேன்.

ஐந்தாம் நாள் காலை சேலை மாற்றிக்கொண்டு கைப்பையை எடுத்தாள். "துணியை எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் வரத் தேவையில்லை." போனாள். நான் விடுதியின் முன்கூடத்தில் இருந்தேன். மூன்று மணித்தியாலம். வரவேற்பு மேசைப் பெண் சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

பதினொன்றரைக்குப் பொதியோடு காரில் வந்து இறங்கினாள். ஆறு நிறமும் சரியாக இருந்ததாம். ஒவ்வொன்றிலும் நூல் எரித்துப் பார்த்தாளாம். லின் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னாளாம். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பொதியைப் பெட்டிக்குள் வைப்பதற்காகச் சுவெட்டர் நாலையும் வெளியே எடுத்து, விடுதிக்காரப் பெண்ணிடம் கொடுத்தாள்.

திரும்பும் விமானத்தில் எனக்கு யன்னலோர இருக்கை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஷாமியனுக்குப் பின் முதல்முறையாக, அவள் அதைப் பற்றிப் பேசினாள்.

"போய் வந்ததை எப்பவும் மாதிரித் தமிழ்ப் பேப்பருக்கு எழுதுவியள்தானே?"

"இந்தமுறை எழுத யோசனையில்லை."

"எழுதுங்கோ. கோபுரம், தீவு எல்லாம் பிறகு. நீங்கள் செய்ததை எழுதுங்கோ. சனம் வாசிக்கட்டும்."

"சரி."

"அந்தக் கந்தோர் மனுசன் கேட்டதுக்கு நான் சொன்ன மறுமொழியையும் எழுதுங்கோ."

"நீர் என்ன மறுமொழி சொன்னனீர்? உம்மிட்டை ஒருத்தரும் கேக்கவே இல்லையே."

"இப்ப கேட்டனீங்கள்தானே," என்றாள். "காலமை. பெரிசைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு, சின்னதையும் கூட்டிக்கொண்டு அப்படியே போயிருப்பன்."

தலையணையைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: என் மனைவி தவமணிக்கு விருப்பம் இருந்தது. காலை வகுப்பு வேண்டும் என்றாள்.